ஒரு பூ கேட்ட கேள்வி

உலகத்து ஜீவராசிகளுக்கெல்லாம் பெயர் சூட்ட முனைந்தார் ஒருவர். அவருடைய நம்பிக்கையை ஒரு சிறு பூ ஆட்டி வைத்தது. அவர்தான் சுவீடன் நாட்டு விஞ்ஞானி கார்ல் லின்னேயஸ்.

பாதிரியார் மகன்

1707-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி, தெற்கு சுவீடனில் உள்ள ராஷுல்ட் என்ற சிற்றூரில் லின்னேயஸ் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் பாதிரியார். தோட்டம் போடுவதில் பிரியம் உள்ளவர். மகனும் பாதிரியாராக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். பையனுக்கோ செடி கொடிகளிலேயே நாட்டம். கடைசியில் வைத்தியம் படிக்கப் போனார்.

1735-ல் ஹாலந்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதே வருஷம் "இயற்கையின் அமைப்பு" என்ற நூலை வெளியிட்டார். பக்கங்கள் சுமார் ஒரு டஜன்தான். ஆனால் கல், செடி, பிராணி எல்லாம் அதில் வகுப்பு வகுப்பாக அடங்கிவிட்டன!

பூவிலுள்ள மகரந்தக் கேசரங்களை அடிப்படையாகக் கொண்டு செடிகளை 24 வகுப்புகளாகப் பிரித்தார். இது வசதிக்காக மனிதன் செய்த ஏற்பாடு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் இனங்கள் மட்டும் கடவுள் படைத்தவை. புதிய இனம் தோன்றாது. இது அவருடைய உறுதியான நம்பிக்கை.

வந்தது சோதனை

1742-ல் ஒரு மாணவர், ஸ்டாக்ஹோம் அருகே கடல் தீவு ஒன்றில் விசித்திரச் செடியைக் கண்டெடுத்தார். அது உப்சாலா சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த லின்னேயஸிடம் வந்து சேர்ந்தது. இலையும் தண்டும் அவர் நன்கு அறிந்த காட்டுச் செடி ஒன்றின் இலையும் தண்டுமே. அந்தச் செடியின் பூவுக்கு ஒரே ஒரு வால் உண்டு. இதற்கோ ஐந்து வால்கள்! கேசரங்கள் நாலுக்குப் பதில் ஐந்து. கணக்குப்படி இது வேறு வகுப்பு!

யாரோ வேறு பூவை ஒட்டி ஏமாற்றுகிறார்கள் என்று முதலில் சந்தேகித்தார். ஆராய்ந்ததும் திகைத்துப் போனார். "பெலோரியா" என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்கு விகாரப் பிறவி என்று பொருள். புதிய இனம் தோன்றாது என்ற வாசகம், 1766-ல் தொடங்கிய பன்னிரண்டாம் பதிப்பில் காணப்படவில்லை.

குரங்கும் மனிதனும்

1753-ல் செடிகளுக்கும் 1758-ல் பிராணிகளுக்கும் இரண்டே சொல்லில் பெயர் வைத்தார். நம் மாமரம் "மாஞ்சிபெரா இண்டிகா" ஆயிற்று. மீன்களோடு இருந்த திமிங்கலத்தைப் பாலூட்டிகளோடு சேர்த்தார்.

மனிதனைக் குரங்குக்குப் பக்கத்தில் வைத்ததுதான் பெரிய துணிச்சல். இரண்டுக்கும் நடுவே உடலமைப்பில் திட்டமான வேற்றுமை இருந்தால் காட்டும்படி, 1747-ல் விஞ்ஞானி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மத குருமார்களின் கோபத்துக்கு அஞ்சியே மனிதனைக் குரங்கு என்று சொல்லவில்லை என்றும் ஒளிக்காமல் எழுதினார்.

அப்படிப்பட்டவரும் ஓரிடத்தில் தவறினார். மனிதரை நிறத்தால் நாலாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணத்தைக் கட்டினார். அது அந்தக் காலத்துத் தப்பெண்ணம், விஞ்ஞானம் அல்ல. மனிதன் போட்ட கோட்டை இயற்கை போட்டதாக நினைத்தால் என்ன கேடு வரும் என்பதற்கு அதுவே சாட்சி.

மறைவுக்குப் பின்

கடைசிக் காலத்தில் வாதநோய் தாக்கி நினைவு மங்கியது. தம் நூல்களையே பார்த்து ரசிப்பாராம். எழுதியவர் தாமே என்பது மட்டும் தெரியாதாம்! 1778 ஜனவரி 10-ந் தேதி காலமானார்.

லண்டனில் அவர் பெயரால் ஒரு சங்கம் ஏற்பட்டது. இனங்கள் மாறுகின்றன என்னும் டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகள் 1858-ல் அந்தச் சங்கத்தில்தான் படிக்கப்பட்டன!

பெலோரியாவின் ரகசியம் 1999-ல் வெளிப்பட்டது. அதன் மரபணு எழுத்து மாறவில்லை. ஒரு மரபணு வேலை செய்யாமல் அடைபட்டிருந்தது. அது புதிய இனம் அல்ல. அப்படியானால் இனம் என்பது எது? இன்றும் விஞ்ஞானிகள் ஒரே பதில் சொல்லவில்லை. பெயர்கள் நிலைத்துவிட்டன, பூ கேட்ட கேள்வியும் நிலைத்துவிட்டது.