உழவரையும் எருதையும் வரைந்த ஓவியர் நந்தலால் போஸ்



ஓர் ஓவியரின் வாழ்க்கையைப் படிக்கும்போது பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, புகழ்பெற்ற படங்கள் நான்கு என்று குறித்துக்கொண்டு மனனம் செய்வது உங்களுள் பலரின் வழக்கம். ஆண்டுகள் வேண்டியவைதாம். ஆனால் இந்த ஓவியரை விளங்கிக்கொள்ள அது போதாது. முதலில் ஒலுவில் துறைமுகப் பக்கம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று மேற்கே பாருங்கள். தென்னைகளைத் தாண்டினால் வயல்வெளி. வரம்பில் கொக்கு நிற்கும். மடுவில் எருமைகள் கழுத்தளவு நீரில் கிடக்கும். அறுவடைக் காலத்தில் யானைக் காவலுக்காக வயல் வாடிகளில் விளக்கு எரியும். களவெட்டியில் எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதித்ததை உங்கள் வாப்பாவின் வாப்பா கண்டிருப்பார். நீங்கள் கண்டிருப்பது இயந்திரத்தை. இவற்றில் எதையாவது நீங்கள் வரைந்ததுண்டா? பெரும்பாலும் இராது. கலண்டரில் உள்ள பனிமலையைப் பார்த்து வரைந்திருப்பீர்கள். நந்தலால் போஸும் இளம் வயதில் அப்படித்தான் தொடங்கினார்.

அவர் 1882 டிசம்பர் 3ஆம் திகதி இந்தியாவின் பீகார் பகுதியிலுள்ள கரக்பூரில் வங்காளக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை பூரணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் பணிபுரிந்தவர். தாய் கேத்திரமணி தேவி பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். மகனுக்கு எட்டு வயதானபோது அவர் இறந்துவிட்டார். குயவர் மண் பிசைவதையும் சிலை செய்வோர் வைக்கோலில் உருவம் கட்டுவதையும் பார்த்தபடி சிறுவன் வளர்ந்தான். பதினைந்து வயதில் படிப்பதற்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டான்.

இனி வரும் செய்தி பரீட்சைக்கு ஆயத்தமாகும் உங்களுக்குச் சற்று விநோதமாகப்படலாம். பாடசாலை இறுதிப் பரீட்சையில் தேறிய நந்தலால், கல்லூரியின் முதற்கலைப் பரீட்சையில் சித்தியடையவில்லை. கல்லூரி மாறிப் பார்த்தார், அங்கும் சரிவரவில்லை. பின்னர் வணிகக் கல்வியில் சேர்த்தார்கள், அதுவும் ஒட்டவில்லை. பாடக்குறிப்பு எழுத வேண்டிய நேரத்தில் ஐரோப்பிய ஓவியர்களின் படங்களைப் பார்த்துப் பிரதி செய்துகொண்டிருந்தார். இதற்கிடையில் 1903இல் சுதீரா தேவியுடன் திருமணமும் நடந்துவிட்டது. குடும்பம் கையைப் பிசைந்தது. படம் வரைவது அந்நாளில் ஒரு நல்ல குடும்பத்துப் பிள்ளைக்குத் தொழிலாகக் கருதப்படவில்லை. ஒருவாறு உறவினரைச் சம்மதிக்கவைத்து 1905இல் கல்கத்தா அரசினர் கலைப் பாடசாலையில் சேர்ந்தார். அங்கே அதிபர் ஈ. பி. ஹவெல், ஆசிரியர் அவனீந்திரநாத் தாகூர். ஐரோப்பிய முறையை அப்படியே பின்பற்றாமல் அஜந்தா, முகலாய, இராஜபுத்திர மரபுகளிலிருந்து புதிய இந்திய ஓவியத்தை உருவாக்க வேண்டும் என்று முயன்றவர்கள் இவர்கள். வரலாற்றில் இது வங்காள ஓவியப் பாணி எனப்படும்.

மாணவராக இருந்தபோதே புராணக் கதைகளை வரைந்து பெயர் பெற்றார். சதி என்ற படத்துக்கு 500 ரூபா பரிசு கிடைத்தது. அது அக்காலத்தில் பெருந்தொகை. 1909ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹெரிங்கம் சீமாட்டி என்ற ஆங்கிலப் பெண்மணி அஜந்தாக் குகை ஓவியங்களைப் பிரதி செய்ய வந்தபோது, சகோதரி நிவேதிதாவின் தூண்டுதலால் நந்தலாலும் அங்கு சென்றார். குகைச் சுவரின் முன்னே அமர்ந்து கோடு கோடாகப் பிரதி செய்த அந்த நாட்கள் அவருடைய கையைப் பழக்கின. ஒரே கோட்டில் தோளின் திரட்சியையும் கழுத்தின் சாய்வையும் காட்டும் திறன் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனாலும் அவர் உண்மையான மாற்றம் அடைந்தது சாந்திநிகேதனில் என்றே சொல்ல வேண்டும். கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் 1919இல் அங்கு கலாபவனம் என்னும் கலைக்கூடத்தைத் தொடங்கினார். 1922 முதல் 1951 வரை அதன் தலைமை நந்தலாலிடம் இருந்தது. சிவந்த மண், பனைமரங்கள், கோபாய் என்னும் சிற்றாறு, எருமை வண்டிகள், சந்தால் பழங்குடியினரின் மண்குடிசைகள் ஆகியனதாம் சாந்திநிகேதனின் சுற்றாடல். புராணத்தில் தேடிய அழகு வாசலிலேயே நிற்பதை அவர் கண்டார். மாணவர்களை வகுப்பறைக்குள் அடைத்து வைக்காமல் வெளியே அழைத்துச் சென்றார். ஆடு மேய்வதையும் நாய் சுருண்டு படுப்பதையும் நெடுநேரம் பார்த்த பின்னரே தூரிகையை எடுக்கவேண்டும் என்பது அவர் கற்பித்த முறை. மிருகத்தின் எலும்பமைப்பு தெரிந்திருக்க வேண்டும். அதைவிட அதன் அசைவின் உயிர்ச்சந்தம் பிடிபட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சிறிய அட்டைகளை எப்போதும் வைத்திருந்து கண்ணில் பட்டதையெல்லாம் மையால் வரைந்தார். ஆடு, எருமை, நாய், பறவை, மரம், மீனவர், கூலிப் பெண் என்று அந்த அட்டைகளுக்கு முடிவே இல்லை. நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் கடிதமாக அனுப்பியதும் பெரும்பாலும் இத்தகைய படங்களையே. 1930இல் தாகூர் எழுதிய சஹஜ் பாட் என்னும் சிறுவர் பாடநூலுக்கு அவர் செய்த கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களிலும் இதே கிராமத்தைக் காணலாம். வங்காளப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அந்தப் படங்களைப் பார்த்தே எழுத்துப் படித்தார்கள்.

சாந்திநிகேதனுக்கு அண்மையில் ஸ்ரீநிகேதன் என்ற கிராம மறுமலர்ச்சி நிலையம் 1922இல் அமைக்கப்பட்டது. அங்கே 1928இல் ஹலகர்ஷணம் எனப்படும் ஏர் பூட்டும் விழா நடைபெற்றது. கவிஞரே ஏரைப் பிடித்தார். அந்தக் காட்சியை நந்தலால் 1930இல் ஸ்ரீநிகேதனில் சுவரோவியமாகத் தீட்டினார். அரசர்களும் தெய்வங்களும் இடம்பெற்ற சுவரில் இப்போது ஏரும் எருதும் வந்து நின்றன. சிறிய செய்திபோலத் தோன்றும். ஆனால் யாரை வரையத் தகுந்தவர் என்று ஒரு சமூகம் கருதுகிறது என்பது இங்கே மாறியிருக்கிறது. விடை எழுதும்போது இதைத் தவறவிடாதீர்கள்.

1934இல் தாகூர் தமது கலைக்குழுவுடன் இலங்கைக்கு வந்தபோது நந்தலாலும் உடன் வந்தார். ஹொரணையில் ஸ்ரீபாலி நிறுவனத்துக்குத் தாகூர் அடிக்கல் நாட்டியது அந்த வருகையின்போதுதான். நமது நாட்டு விகாரை ஓவியங்களைப் பிரதி செய்து காப்பாற்றிய மஞ்சுஸ்ரீயும் சாந்திநிகேதனில் பயின்றவரே.

இனி அவருடைய மிகச் சிறந்த பணிக்கு வருவோம். 1938 பெப்ரவரியில் குஜராத்திலுள்ள ஹரிபுரா என்ற கிராமத்தில் இந்தியத் தேசிய காங்கிரஸின் மாநாடு கூடியது. (தலைமை வகித்தவர் சுபாஷ் சந்திர போஸ். இருவரும் போஸ் என்பதால் உறவினர் என்று எழுதிவிடாதீர்கள், உறவினர் அல்லர்.) மாநாட்டுத் திடலை அலங்கரிக்கும் பொறுப்பைக் காந்தியடிகள் நந்தலாலிடம் ஒப்படைத்தார். ஒரு நிபந்தனை இருந்தது: அந்தந்த இடத்தில் கிடைக்கும் எளிய பொருட்களைக்கொண்டே செய்ய வேண்டும்; வந்துபோகும் கிராமத்து மக்களுக்கு அது விளங்கவும் வேண்டும். நந்தலால் சுற்றுக் கிராமங்களில் திரிந்து குறிப்புப் படங்கள் எடுத்தார். பின் கையால் செய்த காகிதத்தை அட்டையில் ஒட்டி, செங்காவி, மஞ்சட்காவி, கரி போன்ற மண்சார்ந்த நிறங்களால் எண்பதுக்கு மேற்பட்ட படங்களைத் தாமே வரைந்தார். அவற்றைப் பார்த்து மாணவர்கள் வரைந்தவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ நானூறு. அவை கூடத்துக்குள் பூட்டப்படவில்லை. மக்கள் நடமாடும் திறந்த வெளியில் தொங்கின.

படங்களில் யார் இருக்கிறார்கள்? நிலத்தை உழுபவர், எருதை அடக்குபவர், தையற்காரர், தச்சர், மத்தளம் கொட்டுபவர், நூல் நூற்கும் பெண், வேட்டைக்காரர். ஒவ்வொரு படத்துக்கும் மேலே வளைவு. அந்த வளைவுக்குள் மனித உடலும் வளைந்து இயங்குகிறது. கோடு தடிப்பானது, வேகமானது. நிறங்கள் நான்கு ஐந்துக்கு மேல் இல்லை. நிழல் தீட்டி உருட்டிக் காட்டும் முயற்சியும் இல்லை. வங்காளக் கிராமங்களின் படச்சுருள் ஓவியர்களிடமிருந்தும் காளிகாட் ஓவியங்களிலிருந்தும் இந்த முறையை அவர் எடுத்துக்கொண்டார். உழவர் படத்தைப் பார்த்தால் எருதின் திமிலும் மனிதனின் முதுகும் ஒரே விசையில் முன்னோக்கிச் சாய்வதை உணர்வீர்கள். விடைத்தாளில் கிராமிய வாழ்வை அழகாக வரைந்தார் என்று மட்டும் எழுதினால் அது எந்த ஓவியருக்கும் பொருந்தும். கோடு, நிறம், சட்டகம், பயன்படுத்திய பொருள் ஆகியவற்றைச் சொன்னால்தான் அது நந்தலாலைப் பற்றிய விடையாகும்.

குறையையும் சொல்லவேண்டும். ஹரிபுரா உழவரின் முகத்தில் கடன் இல்லை, பசி இல்லை, பயிர் அழிந்த கவலை இல்லை. வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைகளான உங்களுக்கு இது உடனே தெரியும். ஐந்து ஆண்டுகளின் பின், 1943இல், வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். இளம் ஓவியரான ஜைனுல் ஆப்தீன் கல்கத்தாத் தெருவில் விழுந்து கிடந்தவர்களை மையால் நேரடியாக வரைந்தார். நந்தலால் அதே ஆண்டில் அன்னபூரணியின் முன்னே எலும்புக்கூடாய் நிற்கும் சிவனை வரைந்தார். துயரத்தைப் பழங்கதையின் வழியாகவே அவரால் சொல்ல முடிந்தது. இரண்டில் எது கூடுதலாக மனத்தைத் தைக்கிறது என்பதை இரு படங்களையும் பார்த்து நீங்களே தீர்மானிக்கலாம். இக்குறிப்பை எழுதுபவரின் மனம் ஆப்தீன் பக்கமே சாய்கிறது.

சுதந்திரத்தின் பின் இந்திய அரசியலமைப்பின் கைப்படி நூலை அலங்கரிக்கும் பணி அவரிடமும் அவருடைய மாணவர்களிடமும் வந்தது. 1950 ஜனவரி 24ஆம் திகதி உறுப்பினர்கள் அதில் கையொப்பமிட்டனர். எழுத்துகளை எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ரைசாதா. படங்களே நந்தலால் குழுவினருடையவை. இதை மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். நூலின் முதற் பகுதியில் மொகஞ்சதாரோ முத்திரையின் எருது நிற்கிறது. இறுதிப் பகுதிகளில் இமயமலையும் பாலைவனமும் கடலும் வருகின்றன.

அவரிடம் படித்தவர்களுள் வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ், கே. ஜி. சுப்பிரமணியன், திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 1954இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. முதுமையில் பெரிய சுவர்களை விட்டுவிட்டு மறுபடியும் சிறிய தாள்களுக்கும் கறுப்பு மைக்கும் திரும்பினார். 1966 ஏப்ரல் 16ஆம் திகதி கல்கத்தாவில் காலமானார். 1976இல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களைக் கலைச்செல்வமாக அறிவித்து, நாட்டை விட்டு விற்பனைக்கு வெளியேறாதபடி தடுத்தது. ஹரிபுராவின் திறந்த வெளியில் தொங்கிய படங்களுள் சில 2019இல் இத்தாலியின் வெனிஸ் நகரக் கலைக் கண்காட்சிக்குச் சென்று, இந்தியாவின் கூடத்தில் மாதக்கணக்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன.