எறும்பிடமே விடை கேட்டவர்

பின்னாளில் ஏவ்பரி பிரபு எனப்பட்ட ஜான் லப்பக், 1834-ஆம் ஆண்டு இலண்டனில் வங்கியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது டார்வின் அவர்தம் இல்லத்தருகே குடிவந்தார். அவ்வறிஞரின் நட்பே சிறுவனை இயற்கையின்பால் திருப்பிற்று. இளமையிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் வங்கியில் அமர்ந்தார். நாடாளுமன்றம் சென்று 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொணர்ந்தார்.

எறும்பு நிறம் அறியுமா? வாய் பேசாத உயிரிடம் இதைக் கேட்பது எவ்வாறு? கண்ணாடித் தகடுகளுக்கிடையே எறும்புகளை வளர்த்தார் லப்பக். கூட்டில் ஒளி பட்டால் அவை குஞ்சுகளைச் சுமந்துகொண்டு இருளை நாடும். எனவே கூட்டின்மேல் பல நிறக் கண்ணாடிகளை வைத்து, ஒவ்வொன்றின் கீழும் கூடியவற்றை எண்ணினார். எறும்புகள் நாடியது நிறத்தையா, இடத்தையா என்னும் ஐயம் எழாதவாறு கண்ணாடிகளை இடம் மாற்றி மாற்றி எண்ணினார். ஒரு தொடர் சோதனையின் கூட்டுத்தொகையில் சிவப்பின் கீழ் 890, ஊதாவின் கீழ் வெறும் 5! நம் கண்ணுக்கோ ஊதாவே இருண்டது. நிறமாலையில் ஊதாவுக்கும் அப்பால், நமக்கு ஒளியே தெரியாத பகுதியிலிருந்தும் அவை குஞ்சுகளை அகற்றின. புறஊதா ஒளியை எறும்பு உணர்கிறது என்பது இவ்வாறு புலனாயிற்று. எறும்பு, தேனீ, குளவி பற்றிய அவரது நூல் 1882-இல் வெளிவந்தது.

வேறொரு சோதனையில் எறும்புகளுக்கு மது மயக்கம் ஊட்டினார். அயற்கூட்டு எறும்புகள் சில மற்றவற்றால் நீரில் தள்ளப்பட்டன. ஆய்வின் பொருட்டேயாயினும் இதனை என் மனம் ஏற்கவில்லை. எனினும் அவர் பேணிய இராணி எறும்பொன்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் உயிர்வாழ்ந்து 1888-இல் இறந்தது. லப்பக் 1913-இல் மறைந்தார்.