மைதானம் கூட்டியவர் இங்கிலாந்தை மிரட்டினார்!
பந்து வீச்சாளர் பாலுவின் கதை

மாதம் 3 ரூபாய் சம்பளம். மைதானத்தைக் கூட்ட வேண்டும். உருளை இழுக்க வேண்டும். வலை கட்ட வேண்டும். நேரம் கிடைத்தால், கனவான்கள் அடித்துப் பழகப் பந்து போட வேண்டும்.

பூனாவில் பார்சிக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் ஒரு சிறுவன் இந்த வேலை பார்த்தான். அவன் பெயர் பல்வாங்கர் பாலு. 1876-ல் தார்வாரில் பிறந்தவன். தோல் வேலை செய்யும் சமூகம். தீண்டப்படாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்த குடும்பம். தகப்பனாருக்குப் பட்டாளத்தில் வேலை.

பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனார், பாலு. அங்கே சம்பளம் ஒரு ரூபாய் கூடுதல்!

எட்டணா பந்தயம்

அந்தக் கிளப்பில் கிரேக் என்ற ராணுவ அதிகாரி இருந்தார். மட்டை பிடிப்பதில் சூரர். மற்றவர்கள் வருவதற்கு முன்பே அவர் மைதானத்துக்கு வந்து விடுவார். பாலுவைப் பந்து போடச் சொல்வார். தன்னை ஒரு முறை அவுட் ஆக்கினால் எட்டணா கொடுப்பார் என்று சொல்வார்கள்.

மாதச் சம்பளமே 4 ரூபாய். எட்டு முறை அவுட் ஆக்கினால் இன்னொரு மாதச் சம்பளம் கைக்கு வந்து விடும். பாலு இடது கையால் மெதுவாகச் சுழற்றிப் போடுவார். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. தினமும் மணிக்கணக்கில் இப்படிப் போட்டுப் போட்டே அவர் கை தேர்ந்தது. ஆனால் மட்டையை மட்டும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. அது கனவான்களுக்கு உரியதாம்!

மண் குவளையில் தேநீர்

வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்று பூனா இந்துக்களின் கிளப்புக்கு ஆசை. அதற்குப் பாலு வேண்டும். சேர்க்கலாமா, கூடாதா என்று பெரிய சர்ச்சை நடந்தது. கடைசியில் சேர்த்துக் கொண்டார்கள்.

மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் வெளியே நிற்க வேண்டும். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. அவருக்கு, குடித்து விட்டு எறியும் மண் குவளை. சாப்பாட்டுக்கும் தனி இடம்.

பூனாவில் பிளேக் நோய் பரவியது. குடும்பம் பம்பாய்க்குக் குடியேறியது. அங்கே பாலுவுக்கு ரெயில்வேயில் வேலை கிடைத்தது. இந்து ஜிம்கானா அணியிலும் இடம் கிடைத்தது. 1906-ல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அந்த ஆட்டத்தில் பாலு 8 விக்கெட் சாய்த்தார். நாடெங்கும் ஒரே பேச்சு! பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொழுந்து விட்டு எரிந்த நேரம் அல்லவா?

1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. அணி தோற்றதுதான் அதிகம். பாலுவின் பந்து வீச்சு மட்டும் தோற்கவில்லை. மொத்தம் 114 விக்கெட்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 8 விக்கெட். அப்போது அவருக்கு வயது 35.

கேப்டன் யார்?

இத்தனை இருந்தும் கேப்டன் பதவி மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. திறமை போதாதா? இல்லை. அவர் பிறந்த சாதி போதவில்லை.

பாலுவின் தம்பிகள் சிவராம், கண்பத், விட்டல் மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள். 1920-ல் நடந்த போட்டியில் கேப்டன் பாய்க்கு உடல்நலம் இல்லை. அடுத்த தகுதி விட்டலுக்கு இருந்தது. ஆனால் உயர்ந்த சாதிக்காரர் ஒருவரைக் கேப்டன் ஆக்கினார்கள். பாலுவுக்கு அணியிலேயே இடம் இல்லை. சிவராமும் விட்டலும் பொறுக்கவில்லை. காரணத்தை ஊரறியச் சொல்லி விட்டு, ஆட மறுத்து வெளியேறினார்கள். தலை குனிந்து ஆடியவர்கள் தலை நிமிர்ந்து வெளியேறியது சாதாரணக் காரியம் அல்ல!

ஊர் கொந்தளித்தது. இறுதி ஆட்டத்துக்குச் சகோதரர்களை அழைத்து வந்தார்கள். பாலுவைத் துணைக் கேப்டன் ஆக்கினார்கள். பாய் சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியே போய், பாலு அணியை நடத்த வழி விட்டார்.

முழுக் கேப்டன் பதவி 1923-ல் விட்டலுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு ஐரோப்பியர் தோற்றார்கள். ஜனங்கள் விட்டலைத் தோளில் தூக்கிக் கொண்டு கூத்தாடினார்கள்.

பரங்கிமலையும் பாலுவும்

பாலு பிறகு அரசியலுக்கு வந்தார். நம் பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜாவும் அவரும் ஒரே பக்கம் நின்றார்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம், கூட்டுத் தொகுதியே போதும் என்பது அவர்கள் கட்சி. அம்பேத்கர் எதிர்ப்பக்கம். இளமையில் பாலுவைப் பெரிதும் மதித்தவர் அவர். 1932 செப்டம்பரில் உண்டான பூனா ஒப்பந்தத்தில் மூவர் கையெழுத்தும் உண்டு.

1937 தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு. பாலுவுக்கு 11,225. கிரிக்கெட் ரசிகர்களுக்கு யாருக்குப் போடுவது என்று சங்கடமாகத்தான் இருந்திருக்கும்!

முதல் தர ஆட்டங்கள் 33-ல் பாலு எடுத்த விக்கெட்டுகள் 179. இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932-ல் அவருக்கு வயது 56 ஆகி விட்டது. 1955 ஜூலை 4-ந் தேதி பம்பாயில் காலமானார். சாந்தாகுரூஸ் சுடுகாட்டில் நடந்த இறுதிச் சடங்குக்குத் தலைவர்களும் ஆட்டக்காரர்களும் வந்திருந்தார்கள்.