ஒரே பட்டியலுக்காக வாதாடிய ஏ.டி. பட்டேல்

பிஜி என்றதும் மாணவர்கள் பலருக்குக் கடற்கரையும் ரக்பியும் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு வழக்கறிஞர் நினைவுக்கு வருகிறார். அவர் பெயர் அம்பாலால் தாயாபாய் பட்டேல், சுருக்கமாக ஏ.டி. பட்டேல்.

குஜராத்தில் 1905-இல் பிறந்து, இலண்டனில் சட்டம் பயின்று, 1928-இல் பிரிட்டிஷ் காலனியான பிஜிக்கு வந்தார். கரும்புத் தோட்டங்களுக்காக 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்டிருந்தனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன.

பட்டேல் வந்த மறு ஆண்டு இந்தியர்கள் முதன்முறையாக மூவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் வாக்காளர் பட்டியல் இனவாரியானது. வெள்ளையருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. பூர்வகுடிப் பிஜியருக்கோ வாக்கே கிடையாது. அவர்களின் பிரதிநிதிகளை ஆளுநரே நியமித்தார். எல்லாருக்கும் ஒரே பட்டியல் வேண்டும் என்ற தீர்மானம் தோற்றதும் அந்த மூவரும் வெளியேறினார்கள். அந்தக் கோரிக்கையைத்தான் பட்டேல் கடைசிவரை சுமந்தார்.

1937-இல் அவர் முதலில் போட்டியிட்டபோது, பிஜியிலேயே பிறந்த இந்தியர் ஒருவரிடம் தோற்றார். வெளியிலிருந்து வந்தவர் என்பதே அவருக்கு எதிரான பிரசாரம். இனப் பிரிவினையை எதிர்த்தவரைச் சொந்த இனமே பிரித்துப் பார்த்தது!

பிறகு அவர் கரும்பு விவசாயிகள் பக்கம் போனார். தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பணிக்கு வந்திருந்த இராமகிருஷ்ண மிஷன் துறவி சுவாமி ருத்ரானந்தாவுடன் சேர்ந்து 1941-இல் மகா சங்கத்தை அமைத்தார். கரும்பு விலை போதாதென்று 1943-இல் விவசாயிகள் அறுவடையை நிறுத்தினார்கள். போர்க்காலம் அது, அரசு இருவரின் நடமாட்டத்துக்கும் தடை விதித்தது. மறு ஆண்டே பட்டேல் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1950-இல் தோற்றவர், 13 ஆண்டுகள் கழித்தே திரும்பினார்.

அதன்பின் வந்ததே அவருடைய பெரும் போராட்டம். பிஜி மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியர். 1966 சட்டமன்றத்தில் அவர்களுக்கு 36-இல் 12 இடங்கள் மட்டுமே. எதிர்க்கட்சித் தலைவரான பட்டேல், புதிய அரசியலமைப்பு கோரி 1967 செப்டம்பரில் தம் கட்சி உறுப்பினர்களுடன் வெளிநடப்புச் செய்தார். பதவி பறிபோனது. 1968 இடைத்தேர்தலில் 9 இடங்களிலும் கூடுதல் வாக்குகளோடு வென்றார்கள். ஆனால் பூர்வகுடியினர் கொதித்தெழுந்தார்கள். எண்ணிக்கை பலத்தால் தங்கள் நாடே கைநழுவுமோ என்பது அவர்களின் அச்சம். பட்டேலின் கொள்கை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் இலண்டனுக்கு எடுத்துரைத்த அளவுக்கு அதைப் பிஜியர் கிராமங்களுக்கு அவர் எடுத்துச் செல்லவில்லை என்றே தோன்றுகிறது.

1969-இல் சி.எஸ்.ஆர். எனும் ஆஸ்திரேலிய சீனி நிறுவனத்துக்கு எதிராக, நீதிபதி டென்னிங் பிரபு முன் விவசாயிகளுக்காக வாதாடினார். தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை; அக்டோபர் 1-இல் காலமானார். 1970 தொடக்கத்தில் வந்த தீர்ப்பு, வருமானத்தில் 65 விழுக்காட்டை விவசாயிகளுக்கு வழங்கியது. கட்டுப்படியாகாதென்று அந்நிறுவனம் 1973-இல் பிஜியை விட்டே வெளியேறியது.

இனவாரிப் பட்டியலோ சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. 2014 தேர்தலில்தான் அது முற்றாக நீங்கி, எல்லா இனத்தவரும் ஒரே பட்டியலில் வாக்களித்தார்கள். அதைக் கொண்டுவந்தது, இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த ஓர் அரசு.