லேக்ஹவுஸைக் கட்டியவர்

தேர்தல் நெருங்கினால் செய்தி அறைகளுக்கு எப்படியான அழைப்புகள் வரும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு வந்த சனத்தின் தொகையைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்வார்கள். எதிரணியின் படத்தை உள்பக்கத்துக்குத் தள்ளச் சொல்வார்கள். எனக்கும் வந்திருக்கின்றன. ஆனால் பத்திரிகையே கையில் இருப்பவர்களுக்குத் தொலைபேசி தேவையில்லை. இந்த நாட்டில் அதை மற்றவர்களுக்கு முன்பே முழுமையாக விளங்கிக்கொண்டவர் டி. ஆர். விஜேவர்தன என்று நான் நினைக்கிறேன்.

1886இல் களனி கங்கைக் கரையிலுள்ள சேதவத்தையில், வசதியான குடும்பமொன்றில் பிறந்தார். கேம்பிறிட்ஜில் படித்து, பாரிஸ்டராகி, 1912இல் ஊர் திரும்பினார். நீதிமன்றத்தைவிட அரசியல்தான் அவரை இழுத்தது. ஆனாலும் மேடை ஏறி வாக்குக் கேட்கப் போகவில்லை. 1914இல் தினமினவை வாங்கினார். 1918 ஜனவரி 3ஆம் திகதி டெய்லி நியூஸைத் தொடங்கினார். 1923இல் ஒப்சேவரும் அவர் கைக்கு வந்தது. பேர வாவிக் கரையில் எழுந்த கட்டடத்தின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று.

நம்மவர்கள் மறந்துபோன ஒரு பக்கமும் இவருக்கு உண்டு. அரசியல் சீர்திருத்தம் கேட்டு 1917இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆற்றிய புகழ்பெற்ற உரைக்குப் பின்னால் நின்று தூண்டியவர்களில் இவரும் ஒருவர். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது அதன் முதல் தலைவர் அருணாசலம். அதன் குரலாக ஒலித்தது டெய்லி நியூஸ். கொழும்பில் தமிழருக்கான ஆசனம் பற்றிய வாக்குறுதி காற்றில் போனதால் 1921இல் அருணாசலம் வெளியேறினார். பத்திரிகை அவரோடு வெளியேறவில்லை.

1932 மார்ச் 15ஆம் திகதி தினகரன் வந்தது. வீரகேசரி தொடங்கி இரண்டு ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. சர்வசன வாக்குரிமை கிடைத்து ஓராண்டுதான். தமிழருக்கும் வாக்கு வந்துவிட்டது, தமிழிலும் பத்திரிகை வந்தது. தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சுதந்திரத்தின்போது அவரது பத்திரிகைகள் டி. எஸ். சேனநாயக்கவின் பக்கம் நின்றன. மலையக மக்களின் குடியுரிமையை 1948இல் பறித்ததும் அதே அரசுதான். 1950 ஜூனில் விஜேவர்தன காலமானபோது நாட்டின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன, அவருடைய சகோதரியின் மகன். யாரும் யாருக்கும் தொலைபேசி எடுக்க வேண்டியிருந்திருக்காது.

அதன்பின் மருமகன் எஸ்மண்ட் விக்கிரமசிங்க நிறுவனத்தை நடத்தினார். 1956இல் லேக்ஹவுஸ் ஆதரித்தும் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 8 ஆசனங்களே. ஆனாலும் வென்றவர்கள் அந்த நிறுவனத்தை மறக்கவில்லை. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அதைச் சுவீகரிக்க முயன்றார். அந்த டிசம்பரில் சி. பி. டி சில்வா தன் அணியோடு கட்சி மாற, ஒரே வாக்கால் அரசு கவிழ்ந்தது. 1973இல் முயற்சி பலித்தது. பங்குகளில் 75 வீதம் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் போயின. ஒரு குடும்பத்தின் பிடியிலிருந்து பத்திரிகையை விடுவிப்பதாகச் சொன்னார்கள். பின்னர் அந்தப் பங்குகள் மக்களிடையே பகிரப்பட வேண்டியவை. பகிரப்படவில்லை.

தினகரனும் அந்த மூட்டையோடு அரசிடம் போனது. யுத்தம் முழுவதும், இன்றும், அரசின் உடைமைதான். குண்டு விழுந்த மறுநாள் பத்திரிகைகளில் தன் ஊரின் பெயரைத் தேடிப் பார்த்த வாசகருக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

1977இல் ஜே. ஆர். பெரும்பான்மையோடு வந்தார், 168 ஆசனங்களில் 140. தாய்மாமன் கட்டிய நிறுவனத்தைக் குடும்பத்துக்கோ பொதுமக்களுக்கோ கொடுக்க அவருக்குப் பலம் போதாமல் இருக்கவில்லை. கொடுக்கவில்லை. புதிய பணிப்பாளர் சபையை நியமித்தார்.