கடல் கடந்தும் அறம் காத்த எல்லாளன்

பிறந்த மண்ணில் முறைசெய்வோனுக்கு மரபும் சுற்றமும் துணைநிற்கும். புகுந்த மண்ணிலோ நடுவுநிலைமை ஒன்றே துணை. அத்துணையை நம்பி ஈழத்தை ஆண்டவன் எல்லாளன்.

சோழநாட்டு உயர்குடியில் தோன்றிய இவன், கடல் கடந்து சென்று அசேலன் என்னும் மன்னனை வென்று அநுராதபுரத்தில் அரியணை ஏறினான். கி.மு. 205 முதல் 161 வரை 44 ஆண்டுகள் ஆண்டான் என்பர். இவனை வீழ்த்திய துட்டகைமுனுவையே தலைவனாகக் கொண்டு போற்றும் பாலி நூலாகிய மகாவம்சமும், வழக்குகளில் நண்பர், பகைவர் என்று பாராத இவனது நேர்மையை மறைக்கவில்லை.

இவனது படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கியது. முறை வேண்டுவோர் எவரும் இழுக்குமாறு அதன் கயிறு நீண்டிருந்தது. ஒருநாள் திசவாவிக்குத் தேரூர்ந்து சென்ற இவனுடைய ஒரே மகன், வழியிற் கிடந்த கன்றின்மேல் அறியாது தேரைச் செலுத்தினான். தாய்ப்பசு மணியை இழுத்தது. அத்தேர்க்காலாலேயே மகனின் உயிரைப் போக்கினான் மன்னன். திருவாரூர் மனுநீதிச்சோழன் வரலாறும் இத்தகையதே. உயிருக்கு உயிர் கொள்ளுதல் நம் அறத்திற்கு உடன்பாடன்று. ஆயினும் வாயில்லா உயிரையும் அரசிளங்குமரனையும் ஒரே துலாக்கோலில் நிறுத்த அவன் தயங்கவில்லை.

பின்னொரு நாள் இவனது தேரின் நுகம் பட்டுப் பௌத்தத் தூபி ஒன்று சிதைந்தது. உடனே கீழிறங்கி, தேர்க்காலால் தன் தலையைத் துணிக்குமாறு அமைச்சரை வேண்டினான். பிற உயிர்க்குத் துன்பம் செய்வதைப் புத்தர் விரும்பார் என்றும், தூபியைச் செப்பனிடுவதே தக்கது என்றும் அவர்கள் கூறினர். பெயர்ந்தவை 15 கற்களே. அவற்றுக்காக 15,000 காசு செலவிட்டான். தண்டத்தினும் திருத்தம் உயர்ந்தது என்பதை அன்று உணர்ந்தான் போலும்.

எல்லாளன் பௌத்தம் தழுவியவன் அல்லன். எனினும் அச்சங்கத்தாரை மதித்தான். பண்டுகாபயன் காலத்தில் அநுராதபுரத்தில் எழுந்த நிகண்டர் பள்ளியும், பிற்காலத்தில் வட்டகாமணி இடிக்கும் வரை அங்கே நிலைத்திருந்தது. ஆகவே எல்லாளன் ஆண்ட நகரில் நம் முனிவர்களும் வாழ்ந்தனர் எனக் கொள்ளலாம்.

முதுமையில் நகரின் தென்வாயிலருகே துட்டகைமுனுவுடன் யானைமேலிருந்து பொருது எல்லாளன் வீழ்ந்தான். வென்றவன் அவனுக்கு உரிய ஈமக்கடன் செய்வித்து, நினைவுச்சின்னம் எழுப்பி, வழிபாடும் ஏற்படுத்தினான். பிற்கால மன்னரும் அவ்விடத்தை நெருங்குகையில் தம் இசைமுழக்கத்தை நிறுத்தினர். வாளால் பெற்ற நாடு வாளாலேயே போயிற்று. நடுவுநிலைமையால் பெற்ற மதிப்போ பகைவர் நெஞ்சிலும் நிலைத்தது.