உருட்டுக் கட்டையும் கந்தகமும்: சார்ள்ஸ் குட்இயரின் வாழ்க்கை

தவணைப் பரீட்சைக் காலத்தில் ஒரு பாடசாலைக் காரியாலயத்தில் எல்லோரையும்விட அதிகம் உழைப்பது போட்டோ கொப்பி இயந்திரம்தான். அதன் தாள் தட்டை வெளியே இழுத்துவிட்டு உள்ளே குனிந்து பார்த்தால், மேற்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு சிறிய இறப்பர் உருளை தெரியும். நூற்றுக்கணக்கான தாள்கள் அடுக்கி இருந்தாலும் மேலே கிடக்கும் ஒன்றை மட்டும் பிடித்து உள்ளே அனுப்புவது அதன் வேலை. அது தேய்ந்துபோனால் இரண்டு மூன்று தாள்கள் ஒன்றாகப் போய்ச் சிக்கும். அல்லது ஒன்றுமே போகாது, உருளை வெறுமனே சுழலும். பழுது பார்க்க வருபவர் அதற்காக இயந்திரத்தை மாற்றுவதில்லை. அந்த உருளையைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திவிட்டுப் போய்விடுவார்.

புல்மோட்டையின் பங்குனி, சித்திரை வெயிலில் அந்த உருளை உருகித் தாளில் ஒட்டிக்கொள்வதில்லை. இரவெல்லாம் குளிரூட்டிய அறையில் கிடந்தாலும் கட்டையாகி விறைப்பதில்லை. இதை நாம் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. ஆனால் இந்த ஒரு குணத்தை இறப்பருக்குக் கொடுப்பதற்காக ஒரு மனிதர் தம் வீடு, உடல்நலம், பிள்ளைகளின் சாப்பாடு எல்லாவற்றையும் பணயம் வைத்தார். அவர் பெயர் சார்ள்ஸ் குட்இயர்.

1800ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்திலுள்ள நியூஹேவனில் அவர் பிறந்தார். தந்தை அமாசா பொத்தான்களும் விவசாயக் கருவிகளும் செய்து விற்றவர். 1824இல் கிளாரிசா பீச்சர் என்ற பெண்ணை மணந்த சார்ள்ஸ், இரண்டு ஆண்டுகளின் பின் பிலடெல்பியா நகரில் இரும்புச் சாமான் கடை ஒன்றைத் திறந்தார். முதலில் வியாபாரம் நன்றாகத்தான் போனது. கடனுக்குப் பொருள் கொடுத்துக் கொடுத்து, தாமும் கடன்பட்டு, 1830 அளவில் கடை முறிந்தது. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி கடனைக் கட்ட முடியாதவருக்குச் சிறை. குட்இயர் தம் வாழ்நாளில் அந்தச் சிறைக்குள் எத்தனை முறை போய் வந்தார் என்று எண்ணுவதே சிரமம்.

1834இல் நியூயோர்க்கில் இறப்பர் பொருட்கள் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தார். ரொக்ஸ்பரி என்ற ஊரிலிருந்த கம்பனியின் கடை அது. அங்கிருந்த உயிர்காப்பு மிதவை ஒன்றின் வால்வு சரியில்லை என்று கண்டு, அதைத் திருத்திச் செய்து கொண்டுபோய்க் காட்டினார். வேலை கிடைக்கும் என்று நம்பியிருப்பார். கடைக்காரரோ வேறு கதையைச் சொன்னார். பிரச்சினை வால்வில் இல்லை, இறப்பரிலேதான் இருந்தது. விற்ற சப்பாத்துகளும் மழைச்சட்டைகளும் கோடை வந்ததும் உருகி நாறிப் பசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. குளிர்காலத்திலோ அவை பலகைபோல் விறைத்து வெடித்தன. கம்பனி மூழ்கும் நிலையில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இறப்பர் பாலை வேறொரு கொடியின் சாற்றோடு கலந்து உறுதியாக்கும் வழியை மத்திய அமெரிக்காவின் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அவர்கள் செய்த பந்துகள் புதைபொருளாகக் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியர் இறப்பரைக் கொண்டு போனார்கள். அந்த அறிவைக் கொண்டு போகவில்லை. ஆகவே குட்இயர் ஒன்றுமில்லாத இடத்திலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. அவர் இரசாயனம் படித்தவரும் அல்லர்.

பிலடெல்பியாவுக்குத் திரும்பியதும் மறுபடியும் கடன் சிறை. அங்கிருந்தபடியே, ஒரு பொதி பச்சை இறப்பரையும் சமையலறையிலிருந்த உருட்டுக் கட்டையையும் கொண்டு வரும்படி மனைவியிடம் கேட்டார். ரொட்டிக்கு மா உருட்டும் கட்டைதான். சிறை அறையில் இருந்து அந்த இறப்பரைப் பிசைந்தும் உருட்டியும் தேய்த்தும் பார்த்ததுதான் அவருடைய முதல் ஆராய்ச்சி. கிளாரிசாவுக்கு அன்று வீட்டில் ரொட்டி உருட்ட என்ன இருந்தது என்று வரலாறு எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

வெளியே வந்தபின் மக்னீசியாத் தூளைக் கலந்து பார்த்தார். பசைத்தன்மை குறைந்தது போலத் தெரிந்தது. நியூஹேவன் வீட்டுச் சமையலறையில் அவரும் மனைவியும் பெண்பிள்ளைகளுமாக உட்கார்ந்து பல நூறு சோடி மேற்சப்பாத்துகள் செய்தார்கள். கோடை வந்தது, அத்தனையும் தொய்ந்து பசையாகின. பிறகு சுண்ணாம்பு. அதுவும் சரிவரவில்லை. ஒருமுறை இறப்பரின்மேல் பூசியிருந்த பித்தளைச் சாயத்தை நீக்க நைத்திரிக் அமிலம் ஊற்றினார். இறப்பர் கறுத்துப்போகவே வீசிவிட்டார். பின்னர் எடுத்துத் தொட்டுப் பார்த்தால் மேற்பரப்பு காய்ந்து வழுவழுப்பாக இருந்தது. அந்த முறையைப் பிடித்துக்கொண்டு தொழில் தொடங்க ஒருவர் பணம் போட முன்வந்தார். 1837இல் அமெரிக்காவெங்கும் வங்கிகள் முறிந்தபோது அந்தப் பணமும் போயிற்று. ஸ்ரேற்றன் தீவில் கைவிடப்பட்ட ஓர் இறப்பர் தொழிற்சாலையில் குடும்பம் ஒதுங்கியது. கடலில் மீன் பிடித்துச் சாப்பிட்டார்கள்.

அடுத்து மசசூசெற்ஸ் மாநிலத்தின் வோபர்ன். அங்கே நதானியல் ஹேவர்ட் என்பவர் இறப்பரில் கந்தகத் தூளைத் தூவி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். குட்இயர் அந்த உரிமையை வாங்கினார். அரசாங்கத் தபால் சேவைக்கு 150 பைகள் செய்யும் வேலையும் கிடைத்தது. பைகள் செய்து முடிந்தன. வெப்பமான ஓர் அறையில் சில வாரம் வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது அவையும் உருகித் தொங்கிக்கொண்டிருந்தன. மேற்பரப்பு மட்டும்தான் பதப்பட்டிருந்தது; உள்ளே அதே பழைய பசை.

1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கந்தகம் கலந்த இறப்பர்த் துண்டொன்று சூடான அடுப்பின்மேல் பட்டது. உருகியிருக்க வேண்டும். உருகவில்லை, தோலைப்போலக் கருகியது. கருகிய இடத்துக்குப் பக்கத்தில், கருகாமலும் ஒட்டாமலும் ஒரு விளிம்பு இருந்தது. அந்தத் துண்டை வீட்டுக்கு வெளியே கடும் குளிரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். காலையில் எடுத்து வளைத்துப் பார்த்தால் முன்போலவே வளைந்தது. இதைத் தற்செயல் என்று சொல்வது வழக்கம். ஐந்து வருடமாக அதே பொருளோடு மல்லுக்கட்டிய ஒருவர் அருகில் இருந்திராவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

அடுப்பில் நடந்தது என்ன? இறப்பர் என்பது மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் குவியல். நம் கரையில் முடிச்சுப் போடாத நூலைக் குவித்து வைத்தால் எப்படி இருக்கும்? இழுத்தால் ஒவ்வோர் இழையாக உருவிக்கொண்டு வரும். பச்சை இறப்பர் வெப்பத்தில் அப்படித்தான் வழுகிப் பசையாகிறது. கந்தகத்தோடு சூடாக்கும்போது சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே கந்தக அணுக்கள் முடிச்சுகளைப் போடுகின்றன. இப்போது அது வலை. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். முடிச்சு கூடினால் இறப்பர் கடினமாகும், குறைந்தால் மென்மையாகும்.

தாள் உருளை இந்த வலைத்தன்மையை நம்பியே இருக்கிறது. தாளுக்கும் தாளுக்கும் இடையிலுள்ள உராய்வைவிட, இறப்பருக்கும் தாளுக்கும் இடையிலுள்ள உராய்வு கூட. அதனால் மேல் தாள் உருளையோடு போகும், கீழ்த் தாள் நிற்கும். அப்படியும் இரண்டு தாள் சேர்ந்து வந்தால், எதிரே இருக்கும் பிரிக்கும் அட்டையோ எதிர் உருளையோ இரண்டாவதைத் தடுத்து நிறுத்தும். நாளடைவில் தாளின் நுண்ணிழைகளும், தாளை வெண்மையாக்கச் சேர்த்த தூள்களும் உருளையில் படிந்து அதை மழுக்கிவிடும். அப்படித் தாளை வெண்மையாக்கும் பொருட்களில் ஒன்று தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அது நம் புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலிலுள்ள இல்மனைட்டிலிருந்தும் செய்யப்படுவதே. அலுவலக ஸ்கேனர்கள் சிலவற்றுக்கு 200,000 தாள் அல்லது ஒரு வருடம் என்று உருளைக்கு ஆயுள் குறித்திருக்கிறார்கள். இன்றைய உருளைகள் பெரும்பாலும் மரத்துப் பாலில் செய்யப்படுவதில்லை. லேசர் இயந்திரங்களுக்குள் உண்டாகும் ஓசோன் இயற்கை இறப்பரை வெடிக்கச் செய்யும் என்பதால் செயற்கை இறப்பரையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதிலும் முடிச்சுப் போட்டே ஆக வேண்டும்.

அடுப்பு வழி காட்டியதே தவிர, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு கந்தகம் என்று சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஐந்து வருடம் ஆயிற்று. மனைவி ரொட்டி சுட்டு எடுத்த அடுப்பில் இறப்பரைச் சுட்டார். கேத்தல் ஆவியில் பிடித்துப் பார்த்தார். தொழிற்சாலைக்காரரிடம் கெஞ்சி, வேலை முடிந்த இரவுகளில் அவர்களுடைய அடுப்பைக் கேட்டு வாங்கினார். வீட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின. ஒரு நாள் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையும் விற்றார். கிடைத்தது 5 டொலர். கடன் கேட்டு பொஸ்ரன் நகருக்குப் போனவர் கடனும் கிடைக்காமல், தங்கிய விடுதிக்குக் கட்டவும் வழியில்லாமல் சிறைக்குப் போனார். அந்தக் காலத்தில் அவருடைய கைக்குழந்தை இறந்தபோது அடக்கம் செய்யக்கூட வீட்டில் காசு இருக்கவில்லை.

இந்த இடத்தில் அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. விடாமுயற்சிக்கு உதாரணமாக மேடைகளில் இவருடைய பெயரைச் சொல்வார்கள். முயற்சி அவருடையது, பட்டினி பிள்ளைகளுடையது. புத்தகம் விற்கப்பட்ட பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். மறுபுறம், அவர் அன்றே கைவிட்டு ஏதாவது கடையில் கணக்கெழுதப் போயிருந்தால் எத்தனை பொருட்கள் நமக்குத் தாமதமாகி இருக்கும் என்பதும் உண்மை. கிளாரிசா இதை எப்படி எடைபோட்டார் என்பதைத்தான் நான் அறிய விரும்புவேன். சிறைக்கு உருட்டுக் கட்டை கொண்டு போனதும், சப்பாத்து ஒட்டியதும், அடுப்பைக் கொடுத்ததும் அவர்தான். உரிமப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை.

மைத்துனர் வில்லியம் டி பொரஸ்ற் பல்லாயிரம் டொலர் கொடுத்துத் தாங்கியதால் ஆராய்ச்சி முடிந்தது. 1844 ஜூன் 15இல் அமெரிக்க உரிமம் கிடைத்தது, இலக்கம் 3633. ஆனால் இங்கிலாந்தில் அவர் முந்தப்பட்டிருந்தார். அவருடைய மாதிரித் துண்டுகள் அங்கே கைமாறியபோது தோமஸ் ஹன்கொக் என்ற இறப்பர் உற்பத்தியாளர் அவற்றில் கந்தகம் இருப்பதைக் கண்டுகொண்டார். தாமும் சோதித்து, குட்இயருக்குச் சில வாரங்கள் முன்னதாக 1843 நவம்பரில் விண்ணப்பித்துவிட்டார். உரோமரின் நெருப்புத் தெய்வத்தின் பெயரை வைத்து வல்கனைசேசன் என்று இம்முறைக்குப் பெயரிட்டவரும் ஹன்கொக்கின் நண்பர் ஒருவரே. குட்இயர் அங்கே தொடுத்த வழக்கு தோற்றது.

தாயகத்திலும் அவருடைய முறையைத் திருடிப் பொருள் செய்தவர்கள் பலர். அவர்களுள் ஒருவரான ஹொரஸ் டேயுடன் 1852இல் நியூஜேர்சியின் ட்ரென்ரன் நகரில் பெரிய வழக்கு நடந்தது. குட்இயர் பக்கம் வாதாடியவர் அப்போது நாட்டின் வெளிநாட்டமைச்சராக இருந்த டானியல் வெப்ஸ்ரர். கூலி 15,000 டொலர். வழக்கு வென்றது. இறப்பரால் குட்இயர் கையில் மிஞ்சியதைவிட வக்கீலுக்குக் கிடைத்தது அதிகம் என்று பின்னாளில் பேசிக்கொண்டார்கள்.

உரிமத் தொகை வரத் தொடங்கியும் அவர் சேமிக்கவில்லை. வந்ததை எல்லாம் கண்காட்சிகளில் கொட்டினார். 1851 இலண்டன் கண்காட்சியில் சுவர், தளபாடம், சீப்பு, பொத்தான் எல்லாமே இறப்பரில் செய்த ஒரு மண்டபம் கட்ட ஏறத்தாழ 30,000 டொலர். 1853இல் கிளாரிசா இலண்டனில் காலமானார். 1855 பாரிஸ் கண்காட்சிக்கு இன்னும் பெரிய செலவு. அந்த வேளையில் பிரெஞ்சு உரிமமும் செல்லாமற்போக, கடன்காரர்கள் அவரைக் கிளிஷி கடன் சிறையில் அடைத்தார்கள். மூன்றாம் நெப்போலியன் வழங்கிய கௌரவப் பதக்கம் அந்தச் சிறைக்கே அவரைத் தேடி வந்தது.

1860 கோடையில் நியூஹேவனில் மகள் சாகக் கிடக்கிறாள் என்று கேட்டு, நோயாளியாகவே புறப்பட்டார். நியூயோர்க் வந்து சேர்ந்தபோது மகள் இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. அங்கேயே ஒரு விடுதியில் விழுந்தவர் எழவில்லை. ஜூலை 1ஆம் திகதி, 59ஆவது வயதில் இறந்தார். விட்டுச் சென்ற கடன் ஏறத்தாழ 200,000 டொலர்.

பதினாறு வருடங்களின் பின், 1876இல், பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த விதைகளில் முளைத்த 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கப்பலில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் அவை நடப்பட்டன. களுத்துறை, கேகாலைப் பக்கங்களின் இறப்பர்த் தோட்டங்கள் அதன் பின்னர் வந்தவை. குட்இயர் என்று டயரில் எழுதியிருக்கும் கம்பனி 1898இல் அக்ரன் நகரில் பிராங் சைபர்லிங் என்பவர் தொடங்கியது. அவர் பெயரை மரியாதைக்காக வைத்தார்கள். அவர் குடும்பத்துக்கும் அந்தக் கம்பனிக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.